பெயர் எழுதாத உபயம்

வரலாறு எழுதுவோர் மன்னர்களின் பெயர்களை மறப்பதில்லை. கடல் கடந்து வந்த தளபதிகளின் பெயர்களையும், நற்செய்தி அறிவித்த குருக்களின் பெயர்களையும் அவர்கள் கவனத்தோடு குறித்து வைக்கிறார்கள். ஆனால் எழுப்பப்பட்ட கோயிலுக்கும், நடத்தப்பட்ட பள்ளிக்கும், அச்சேறிய நூலுக்கும் யார் வீட்டு அடுக்களையிலிருந்து பணம் வந்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டாலும் விடை இரண்டே சொற்களில் முடிந்துவிடுகிறது: ‘மக்கள் கொடுத்தார்கள்.’

இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருப்பவை எத்தனை வீடுகள், எத்தனை நாள் உழைப்பு, எத்தனை வேளை குறைத்து உண்ட உணவு! நம் அன்றாட வாழ்வில் கொடுத்தல் என்பதற்கு என்ன பொருள் என்று சிந்திக்க விரும்புவோர்க்கு, நம் தமிழகத் திருச்சபையின் தொடக்க கால வரலாற்றிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அதனைத் தேடி நாம் 16ஆம் நூற்றாண்டின் தென்கடற்கரைக்குச் செல்வோம்.

முத்துக்குளித்துறை

வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு எனத் தென்பாண்டிக் கடலோரம் நெடுக அமைந்த ஊர்களை முத்துக்குளித்துறை என்று அழைப்பது பழைய வழக்கு. அங்கு வாழ்ந்த பரதவர் மீன் பிடித்தனர், சங்கு எடுத்தனர், பருவம் வாய்த்த ஆண்டுகளில் முத்துக் குளித்தனர்.

முத்துக்குளிப்பு, மனிதன் தன் மூச்சையே முதலாகப் போட்டுச் செய்யும் தொழில். கல் கட்டிய கயிற்றில் கால் ஊன்றிக் கடலடிக்கு இறங்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்திற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வாரிச் சேர்க்க வேண்டும். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் அசைவை உணர்ந்து உடனே இழுக்க வேண்டும். கயிறு பிடிக்க மைத்துனரையே நிறுத்துவார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது என்பதை அவர் மறக்கமாட்டார் அல்லவா? இவ்வாறு உயிரைப் பணயம் வைத்து எடுத்த சிப்பியிலும் ஆள்வோர் பங்கு, வணிகர் பங்கு எல்லாம் போக எஞ்சியதே குளித்தவருக்குக் கிடைத்தது.

கடலின் மீதான உரிமை பற்றிய பூசல்கள் முற்றிய காலத்தில், இம்மக்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். பாதுகாப்பு வேண்டியே அவர்கள் மனம் மாறினர் என்பதை வரலாற்றாசிரியர்கள் மறைப்பதில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. விசுவாசம் எந்த வாசல் வழியாக ஒரு வீட்டுக்குள் வந்தது என்பதைவிட, வந்தபின் அந்த வீட்டில் அது என்ன செய்தது என்பதே பெரிது. அதை அறிய ஒரு வழி உண்டு. அந்த வீட்டார் தங்கள் பணத்தை எதற்காகக் கொடுத்தார்கள் என்று பார்ப்பதே அவ்வழி.

அரசியின் பாதணி

பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கவில்லை. பரதவர் போர்த்துக்கீசியருக்கு ஆண்டுதோறும் திறை செலுத்தினர். அதில் 4,000 பொன் பணம், அதாவது ஏறத்தாழ 400 குருசாடோ என்னும் போர்த்துக்கீசியப் பொற்காசு, போர்த்துக்கல் நாட்டு அரசி கத்தரீனின் பாதணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. இங்கே மூச்சடக்கிச் சேர்த்த காசு, எங்கோ ஒரு தூர தேசத்து அரண்மனையில் காலணியாக மாறிக்கொண்டிருந்தது!

1542ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். திருமுழுக்குப் பெற்றிருந்தும் செபம் சொல்லத் தெரியாத மக்களை அவர் கண்டார். ஊர் ஊராகச் சென்று சிறுவர்களைக் கூட்டி, தமிழில் செபங்களைக் கற்பித்தார். தாம் ஓர் ஊரை விட்டு நீங்கியபின் அப்பணியைத் தொடர ஒவ்வோர் ஊரிலும் ஒருவரை அமர்த்தினார். கணக்கப்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அவர்களுக்கு ஊதியம் வேண்டுமே! சவேரியார் அரசிக்கே எழுதினார். பாதணிக்கென ஒதுக்கிய அந்தத் தொகையை இக்கடற்கரைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தருவதற்கென விட்டுக்கொடுக்குமாறு வேண்டினார். அரசியை விண்ணகத்திற்கு அழைத்துச் செல்லும் மேலான பாதணி அந்தப் பிள்ளைகளே என்னும் கருத்துப்பட எழுதினார். அரசியும் இசைந்தார்.

இந்நிகழ்ச்சியைச் சவேரியாரின் சாதுரியத்திற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வோர் உண்டு. நாம் வேறொன்றைக் கவனிக்கிறோம். பணம் அதே பணம். அதை ஈட்டியவர்களும் அதே மக்கள். மாறியது அதன் நோக்கம் ஒன்றுதான். ஆயினும் அந்த ஒரு மாற்றத்தால் திறை தொண்டாயிற்று. ஏழையின் காசுக்கு அவன் பிள்ளையிடமே திரும்பி வரும் வழி பிறந்தது. வாங்குகின்ற கை எதற்காக வாங்குகிறது என்பதைப் பொறுத்தே கொடுக்கின்ற கையின் உழைப்பு மாண்பு பெறுகிறது.

புன்னைக்காயலின் மருத்துவமனை

சவேரியாருக்குப் பின் இக்கடற்கரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்தவர் என்றிக் என்றிக்கஸ் அடிகளார். தமிழ் மக்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்று அழைத்தனர். 1520ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தவர். அவருடைய முன்னோர் யூதர். அந்தக் காரணத்திற்காகவே, தாம் முதலில் சேர்ந்த துறவற சபையிலிருந்து அவர் வெளியேற நேர்ந்தது. பின்னர் 1545இல் இயேசு சபையில் சேர்ந்து, 1546இல் கோவாவுக்கும் அடுத்த ஆண்டில் முத்துக்குளித்துறைக்கும் வந்தார். குலத்தைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட ஒருவர், குலத்தால் தாழ்த்தி எண்ணப்பட்ட மக்களிடையே வந்து சேர்ந்தார். இறைவனின் திட்டத்தில் இத்தகைய சந்திப்புகள் வீணாவதில்லை.

1550ஆம் ஆண்டை ஒட்டி, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த புன்னைக்காயலில் அவர் ஏழை நோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார். தமிழ் மண்ணில் இவ்வகையில் எழுந்த முதல் மருத்துவமனையாக இதனை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அதன் பராமரிப்புக்கு இரண்டு வழிகளில் பணம் வந்தது. ஒன்று, மக்கள் அளித்த தருமம். மற்றொன்று, தவறு செய்தவர்களுக்கு விதிக்கப்பட்ட அபராதம்.

அபராதம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். கட்டாயப்படுத்தி வாங்கிய பணத்தைக் கொடை என்று எவ்வாறு சொல்வது? இது நியாயமான கேள்வி. நாமும் அதனைக் கொடை என்று சொல்லவில்லை. எனினும் ஊரில் ஒருவன் செய்த தவற்றுக்கு அவன் கட்டிய காசு, ஆள்வோரின் கருவூலத்திற்குப் போகாமல், அதே ஊரில் பாயில் கிடந்த நோயாளியின் கஞ்சிக்குப் போயிற்று. தண்டனையும் இரக்கத்தின் வேலைக்கு வந்துவிட்டது. தவறியவன், தான் அறியாமலேயே, நோயுற்றவனுக்கு உதவியவனானான். ஒரு சமூகம் தன் குற்றத்தையும் குணத்தையும் சேர்த்தே ஏழையின் படுக்கையருகில் கொண்டு வந்து வைத்தது என்பது சிறிய செய்தியன்று.

அமைதியான காலத்தில் நடந்தவையல்ல இவை. 1549ஆம் ஆண்டில் இக்கடற்கரைப் பணியின் தலைவராயிருந்த அந்தோணி கிரிமினாலி அடிகளார் வேதாளையில் கொல்லப்பட்டார். அவரை அடுத்துப் பொறுப்பேற்றவரே அண்டிரிக் அடிகளார். 1553ஆம் ஆண்டில் புன்னைக்காயலே தாக்கப்பட்டு எதிரிகளின் கைப்பட்டது, அடிகளாரும் சிறைப்பட்டார். ஓடி ஒளியவும், மீண்டும் வந்து குடிசை கட்டவும், மறுபடியும் கடலில் இறங்கவும் வேண்டியிருந்த மக்களே கொடுத்தார்கள். மிகுதியாய் இருந்ததைக் கொடுத்தவர்கள் அல்லர் அவர்கள்.

அச்சுக்குக் கொடுத்த 400 பொற்காசு

இனி, தமிழ் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம்.

1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் ஒரு சிறு செப நூல் அச்சாயிற்று. தமிழ்ச் சொற்களைக் கொண்டிருந்தும், அது உரோமானிய எழுத்தில் அமைந்திருந்தது. அதை உருவாக்க உதவியவர்கள் விசெந்தே த நசரெத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்னும் மூன்று தமிழர். ஆனால் தமிழ் எழுத்திலேயே தமிழ் நூல் வர வேண்டும் என்பது அண்டிரிக் அடிகளாரின் ஆவல். இரும்புத் தொழில் அறிந்த யோவான் கொன்சால்வஸ் என்னும் இயேசு சபைச் சகோதரர் 1577இல் கோவாவில் தமிழ் எழுத்துகளை வார்த்தார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் யோவான் த பாரியா அடிகளார் மேலும் திருத்தமான எழுத்துகளை வார்த்தார். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பக்கங்கள் 16. இந்திய மொழி ஒன்றில், அம்மொழிக்குரிய எழுத்திலேயே அச்சாகி இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நூல் அதுவே. 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் புனிதர்களின் வரலாற்றைக் கூறும் ‘அடியார் வரலாறு’ 600க்கும் மேற்பட்ட பக்கங்களுடன் வெளிவந்தது.

இந்த அச்சுப் பணிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அரச கருவூலம் தரவில்லை. முத்துக்குளித்துறைப் பரதவரே தங்களுக்குள் திரட்டி 400 குருசாடோ கொடுத்தனர்.

வாசகர்கள் அந்த எண்ணைச் சற்றே நினைவுகூர வேண்டும். அரசியின் பாதணிக்கென அவர்கள் செலுத்திய தொகையும் ஏறத்தாழ 400 குருசாடோதான். தற்செயலாக அமைந்த இந்த ஒற்றுமையை நாம் பெரிதாக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு தொகைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை எண்ணாமல் இருக்கவும் முடியவில்லை. முன்னது அவர்களிடமிருந்து பெறப்பட்டது. பின்னது அவர்களாகவே தந்தது. முன்னதை அச்சம் கொடுக்கச் செய்தது. பின்னதை ஆசை கொடுக்கச் செய்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டம் திறை செலுத்துவோர் என்ற நிலையிலிருந்து கொடையாளர் என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டது. திருமுழுக்குப் பெற்றவர் எத்தனை பேர் என்று கணக்கிடுவது எளிது. விசுவாசம் வேர் கொண்டதை அளக்க வேண்டுமானால் இத்தகைய இடத்தில்தான் அளக்க வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களில் பலர் எழுத்தறியாதவர்களாகவே இருந்திருப்பர். அவர்கள் கொடுத்தது தங்களால் படிக்க இயலாத ஒரு நூலுக்காக! பள்ளி வாசலை மிதிக்காத தந்தை தன் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு வட்டிக்குக் கடன் வாங்குவதையும், நடக்க முடியாத மூதாட்டி பேரப்பிள்ளைகள் ஏறி இறங்கும் கோயில் படிக்கட்டுக்குச் செங்கல் வாங்கித் தருவதையும் நாம் இன்றும் நம் ஊர்களில் காண்கிறோம். அவர்கள் அந்தப் பரதவரின் வழிவந்தவர்கள். தனக்குப் பயன்படாததற்குக் கொடுப்பவரே எதிர்காலத்தை நம்புகிறவர். எதிர்காலத்தை நம்புவது என்பது இறைவனை நம்புவதன் அன்றாட வடிவம்.

பெயர் இல்லாத அடியார்கள்

அந்த நூல்கள் பின்னர் மறக்கப்பட்டன. உப்புக் காற்றும் கரையானும் ஓலையையும் தாளையும் ஒன்றுபோலவே தின்றன. ‘தம்பிரான் வணக்க’த்தின் படி ஒன்று அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. 1950களில் தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் தேடி, இப்பழந்தமிழ் அச்சு நூல்களைப் பற்றித் தமிழுலகம் அறியச் செய்தார். இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாக ‘அடியார் வரலாறு’ 1967ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து மீண்டும் வெளிவந்தது. யாருடைய ஊர்க் காசில் அது முதலில் அச்சேறியதோ, அந்தக் கடற்கரைக்கே நானூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் அது திரும்பி வந்தது.

மொழிபெயர்த்தவர் பெயர் நமக்குத் தெரியும். எழுத்து வார்த்தவர்கள் பெயர் தெரியும். நூலகத்தில் கண்டெடுத்தவர் பெயரும் பதிப்பித்தவர் பெயரும் தெரியும். அவர்கள் அனைவரும் நம் நன்றிக்கு உரியவர்களே. ஆனால் 400 பொற்காசைத் திரட்டித் தந்தவர்கள் ‘பரதவர்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டனர். புனித அடியார்களின் பெயர்கள் அச்சேறின. அந்த அச்சுக்குக் கொடுத்த அடியார்களின் பெயர்கள் கடலோடு கலந்துவிட்டன.

இதனை நம் காலத்தோடு ஒப்பிடும்போது சற்றே நாணம் உண்டாகிறது. கோயிலுக்கு ஒரு குழல்விளக்கைக் கொடுத்துவிட்டு, அதன் மீதே ‘உபயம்’ என்று எழுதி, கீழே குடும்பத்தார் அனைவரின் பெயரையும் எழுதி, விளக்கின் வெளிச்சத்தையே மறைத்துவிடுகிறவர்களைப் பற்றி நம்மிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. சிரிப்பதற்கு மட்டும் உரியதன்று அது. பளிங்குக் கல்லில் பெயர் வரிசை எந்த முறையில் அமைய வேண்டும் என்பதற்காகப் பங்குகளில் மனக்கசப்பு உண்டாவதும், பெயர் விடுபட்டவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவதும் நாம் கேள்விப்படாதவையா?

ஆயினும் பெயரை விரும்புவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. இறந்துபோன மகனின் நினைவாக ஒரு நாற்காலியைக் கொடுக்கும் தாய், அதில் அவன் பெயரை எழுதச் சொல்வது பெருமைக்காக அல்ல. அவன் பெயர் உலகில் ஓரிடத்திலாவது நிற்க வேண்டும் என்ற ஏக்கத்தினால். அந்தக் கண்ணீரின் முன் நாம் தலைவணங்குகிறோம். நாம் கேட்பதெல்லாம் ஒன்றே: எழுதுவதற்கு இடமில்லை என்று சொல்லப்பட்டாலும் நாம் கொடுப்போமா?

கைம்பெண்ணின் காசும் கணக்கும்

எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக் காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணை இயேசு பாராட்டியதை நாம் அனைவரும் அறிவோம். அவளுக்கும் நற்செய்தியில் பெயர் இல்லை. ஆனால் மாற்கு நற்செய்தியில் அந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னே இருப்பதை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். நீண்ட செபம் சொல்லிக்கொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். கொடுத்தவளைப் போற்றிய அதே திருவாய், கொள்ளையிட்டவர்களைச் சாடிவிட்டுத்தான் அவளைப் போற்றியது. இவ்விரண்டையும் பிரித்து வாசிப்பது நற்செய்தியைப் பாதியாக வாசிப்பதாகும்.

எனவே பெயர் தெரியாமல் கொடுப்பது வேறு. கணக்குத் தெரியாமல் செலவிடுவது வேறு. கொடுப்பவர் தம் பெயரை மறைக்கலாம். அது அவருடைய தாழ்ச்சி. வாங்குபவர் கணக்கை மறைக்கலாகாது, அது தாழ்ச்சியன்று. சவேரியார் பாதணிப் பணத்தைத் திசை திருப்பியபோதும், அண்டிரிக் அடிகளாரின் காலத்தில் அபராதக் காசு நோயாளியைச் சென்றடைந்தபோதும் காக்கப்பட்டது கொடையின் நோக்கமே. கடற்கரை ஊர்களில் பிடித்த மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அது மனமுவந்த காணிக்கையாக இருந்தவரை கோயில்கள் எழுந்தன. கட்டாயக் குத்தகையாக மாறிய இடங்களில் பூசல்கள் எழுந்தன. வரலாறு இரண்டையுமே நமக்குச் சொல்கிறது. கொடுப்பவரின் பெயர் மறையலாம். கொடையின் நோக்கம் மறையக் கூடாது.

கொடை என்றதும் பெருந்தொகைகளையே நினைத்து, அது நமக்கு உரியதன்று என்று ஒதுங்கிவிட வேண்டாம். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்கும் இல்லத்தரசி கொடுக்கிறாள். வகுப்பு முடிந்த பின்னும் பின்தங்கிய ஒரு மாணவனுக்காக அரைமணி நேரம் அமர்ந்திருக்கும் ஆசிரியர் கொடுக்கிறார். நோயுற்ற அண்டை வீட்டாருக்காக மருந்துக் கடைக்கு நடந்துபோய் வரும் சிறுவன் கொடுக்கிறான். இவர்களில் எவருக்கும் கல்வெட்டு இல்லை. ஆனால் ஒரு பங்கு உயிரோடு இருப்பது இவர்களால்தான். மறையுரைகளும் திருவிழாக்களும் இந்தக் கொடையின் மீதே நிற்கின்றன.

அண்டிரிக் அடிகளார் 1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு முன்னும் பின்னும் அந்தக் கடற்கரையில் எத்தனையோ பேர் கடலில் இறங்கினார்கள், சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளை ஒருவன் ‘தம்பிரான் வணக்க’த்தின் 16 பக்கங்களில் ஒன்றை விரலால் தடவி எழுத்துக் கூட்டிச் செபம் கற்றிருப்பான். தன் விரலுக்குக் கீழே இருந்த எழுத்து யார் அடக்கிய மூச்சினால் வார்க்கப்பட்டது என்று அவனுக்குத் தெரியாது. கொடுத்தவருக்கும், தாம் கொடுத்தது எந்தச் சிறுவனின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. இரண்டையும் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பி, நாளைக் காலையில் நம் பங்கைக் கொடுக்கக் கை நீட்டுவதே விசுவாசம்.